சந்தா கட்டியவர்களின் அரங்கு: சினிமா 16 பிறந்த கதை

1947 நவம்பரில், நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில், மெக்டூகல் தெருவில் இருக்கும் ப்ராவின்ஸ்டவுன் பிளேஹவுஸ் என்ற சின்ன நாடகக் கொட்டகையில் ஐந்து படங்களை ஒரே மாலையில் போட்டுக் காட்டினார்கள். ஒன்று, நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாமின் ‘லாமென்டேஷன்’. இன்னொன்று, குரங்கினத்திலிருந்து மனிதன் வந்த கதையைச் சொல்லும் அறிவியல் படம். உயிரியல் அறிஞர் ஜூலியன் ஹக்ஸ்லியின் மேற்பார்வையில் எடுத்தது. டக்ளஸ் கிராக்வெல் என்ற பத்திரிகை ஓவியர் வண்ணத்தைக் குழைத்துக் குழைத்து அசைய வைத்த, கதையே இல்லாத அனிமேஷன் ஒன்று. இனவெறிக்கும் முன்முடிவுகளுக்கும் எதிராக ஃபிலிப் ஸ்டாப் செய்த கார்ட்டூன் ஒன்று. சான் பிரான்சிஸ்கோவில் சிட்னி பீட்டர்சனும் ஜேம்ஸ் பிராட்டனும் எடுத்த ‘தி பாட்டட் சாம்’ என்ற கனவு மாதிரியான சோதனைப் படம் ஒன்று.

இந்த ஐந்துக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று வந்தவர்களும் கேட்டிருப்பார்கள். நட்சத்திரம் இல்லை, பாட்டு இல்லை, ஹாலிவுட் முத்திரை இல்லை. ஆனாலும் அரங்கு நிறைந்தது. அதே நிகழ்ச்சியைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தது. போட்டவர்கள் இருபத்தாறு வயது ஆமோஸ் வோகலும் அவர் மனைவி மார்சியாவும். தங்கள் ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘சினிமா 16’.

இன்று உலகத்தின் பல ஊர்களில் லாப நோக்கமில்லாத கலைப்பட அரங்குகள் நடக்கின்றன. படம் தேர்ந்தெடுக்க ஒருவர், உறுப்பினர் சந்தா, படத்துக்கு முன்னால் ஒரு சின்ன அறிமுகம், முடிந்ததும் உரையாடல், கையில் ஒரு குறிப்புத் தாள் என்று அவற்றுக்கு ஒரு பழகிய வடிவம் இருக்கிறது. நல்ல ரசனை உள்ள நாலு பேர் கூடி அழகாகத் திட்டமிட்டு உண்டாக்கிய வடிவம் இது என்று நினைத்துக்கொள்வது வழக்கம். சினிமா 16-ன் கதை வேறு மாதிரி போகிறது. அந்த வடிவத்தில் பெரும்பங்கு, தணிக்கை அலுவலகத்துக்குப் போகாமல் தப்பிக்க ஒரு ஏழைத் தம்பதி கண்டுபிடித்த சந்து.

வோகல் வியன்னாக்காரர். 1921-ல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே வீட்டில் படம் காட்டும் விளக்கு வைத்து விளையாடியவர். வியன்னாவில் ஒரு திரைப்படச் சங்கம் இருந்தது. அதில்தான், இரவில் தபால் சுமந்து போகும் ரயிலைப் பற்றிய ‘நைட் மெயில்’ என்ற பிரிட்டிஷ் ஆவணப்படத்தைப் பார்த்தார். தபால் பிரிப்பதை இவ்வளவு அழகாகக் காட்ட முடியுமா என்ற வியப்பு அவரை விடவே இல்லை. 1938-ல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் வந்தது. குடும்பம் தப்பி, கியூபா வழியாக அமெரிக்கா சேர்ந்தது. பாலஸ்தீனத்துக்குப் போய் கிபுட்ஸ் கூட்டுப்பண்ணையில் சேர்வதுதான் இளைஞர் வோகலின் திட்டம். அதற்காக ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் கால்நடை வளர்ப்புகூடப் படித்தார். பிறகு அந்தத் திட்டத்தைக் கைவிட்டு நியூயார்க்கில் நின்றுவிட்டார். மாடு மேய்க்கப் படித்தவர் படம் காட்ட வந்த கதை என்று வேண்டுமானால் இதைச் சொல்லலாம்.

நியூயார்க்கில் அவருக்குக் கிடைக்காதது வியன்னாவில் பார்த்த மாதிரிப் படங்கள்தான். அப்படிப்பட்ட படங்கள் எடுக்கப்படவில்லை என்று சொல்ல முடியாது. பல்கலைக்கழகங்களும் அரசுத் துறைகளும் மருத்துவமனைகளும் ஏராளமாக எடுத்துக் குவித்திருந்தன. தனி ஆட்களும் சொந்தக் காசைப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் அலமாரியில் தூங்கின. அன்றைக்குப் பெரிய தியேட்டர்களில் பல ஹாலிவுட் கம்பெனிகளின் சொந்தச் சொத்து. தயாரிப்பு, விநியோகம், திரையிடல் மூன்றும் ஒரே கையில். அந்தப் பிடியை உடைத்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1948-ல்தான் வந்தது.

வழி காட்டியவர் ஒரு பெண். மாயா டெரன். உக்ரைனில் பிறந்து சிறுமியாக அமெரிக்கா வந்தவர். 1943-ல் கணவர் அலெக்சாண்டர் ஹமீதுடன் சேர்ந்து ‘மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்’ எடுத்திருந்தார். அவர் படங்களை எந்தத் தியேட்டரும் சீந்தவில்லை. 1946 பிப்ரவரியில் அதே ப்ராவின்ஸ்டவுன் பிளேஹவுஸைத் தானே வாடகைக்குப் பிடித்து, தன் படங்கள் மூன்றைத் தானே போட்டார். கூட்டம் நெரிந்தது. நாடகாசிரியர் யூஜின் ஓ’நீல் வளர்ந்த மேடை அது. அதில் ஒரு திரையைக் கட்டினால் போதும், தியேட்டர் முதலாளி யாரையும் கெஞ்ச வேண்டாம் என்பதை வோகல் தம்பதி அப்போது பார்த்துக்கொண்டார்கள்.

பெயரில் உள்ள பதினாறு, பிலிமின் அகலம். தியேட்டர்களில் ஓடியது 35 மி.மீ. அது அந்நாளில் நைட்ரேட் பிலிம். பெட்ரோல் மாதிரிப் பற்றிக்கொள்ளும், தண்ணீரில் முக்கினாலும் எரியும். அதனால் தீப்பிடிக்காத தனி அறை, உரிமம் பெற்ற ஆபரேட்டர் என்று ஆயிரம் நிபந்தனைகள். கோடாக் கம்பெனி 1923-ல் வீட்டு உபயோகத்துக்கென்று கொண்டுவந்த 16 மி.மீ. பிலிம், எளிதில் தீப்பிடிக்காத அசிடேட்டில் செய்தது. புரொஜெக்டரைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகலாம். பள்ளிக்கூடத்திலோ சர்ச்சிலோ எங்கே வேண்டுமானாலும் போடலாம். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் சிப்பாய்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் பொழுதுபோக்குக் காட்டவும் 16 மி.மீ.யைப் பெருமளவில் பயன்படுத்தியது. போர் முடிந்ததும் அந்தக் கருவிகளும் அவற்றை ஓட்டத் தெரிந்தவர்களும் ஊருக்குத் திரும்பினார்கள். ஒரு கலை இயக்கத்துக்குப் பின்னால் இப்படிப்பட்ட சில்லறைக் காரணங்கள் இருப்பதைக் கலை வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ அந்தப் பிலிமைத்தான் முதல் கதாநாயகன் என்று சொல்லத் தோன்றுகிறது.

முதல் நிகழ்ச்சியின் வெற்றி அதிக நாள் நீடிக்கவில்லை. இரண்டு தொல்லைகள் வந்தன.

முதல் தொல்லை, தணிக்கை. அமெரிக்கா என்றால் பேச்சுரிமை என்று நாம் நினைப்போம். 1915-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சினிமா வெறும் வியாபாரம், அரசியல் சாசனத்தின் பேச்சுரிமைப் பாதுகாப்பு அதற்குக் கிடையாது என்று தீர்ப்பளித்திருந்தது. அதனால் பல மாநிலங்களில் தணிக்கை அலுவலகங்கள் முளைத்தன. நியூயார்க் மாநிலத்தில் அது கல்வித் துறையின் கீழ் இயங்கிற்று. பொதுமக்களுக்குக் காசு வாங்கிக் காட்டும் படத்தை முன்கூட்டியே அனுப்ப வேண்டும்; அடிக்கணக்கில் கட்டணம் கட்ட வேண்டும்; வசனப் பிரதியும் கொடுக்க வேண்டும். பெரிய கம்பெனிக்கு இது ஒரு குமாஸ்தாவின் வேலை. வசனமே இல்லாமல் வண்ணம் நெளியும் பத்து நிமிடப் படத்துக்கு வோகல் எந்தப் பிரதியைக் கொடுப்பார்? ஒரு மாலையில் ஐந்து படம் என்றால் ஐந்துக்கும் கட்டணம். வெட்டச் சொன்னால் வெட்ட வேண்டும். யாரோ ஒரு இளைஞர் தன் ஒரே பிரதியை நம்பிக் கொடுத்திருப்பார்.

இரண்டாவது தொல்லை, பனி. அந்தக் குளிர்காலம் நியூயார்க் மறக்காத ஒன்று. 1947 டிசம்பர் 26-ல் மட்டும் நகரத்தில் இரண்டடிக்கு மேல் பனி கொட்டியது. பனிப்புயல் வீசிய ஒரு காட்சிநாளில் வோகல்களின் அரங்குக்கு ஆள் வரவில்லை. வாடகை, விளம்பரம் எல்லாம் போட்ட காசு போனதுதான். அன்றன்றைக்கு டிக்கெட் விற்று நடத்தினால் ஒரே ஒரு கெட்ட நாள் போதும், கடையை மூட வேண்டியதுதான் என்பது உறைத்தது.

இரண்டுக்கும் ஒரே மருந்து கிடைத்தது: உறுப்பினர் சங்கம். டிக்கெட் விற்காதே, ஆண்டுச் சந்தா வாங்கு. வாசலில் யாருக்கும் அனுமதி இல்லை, உறுப்பினருக்கும் அவர் அழைத்துவரும் விருந்தாளிக்கும் மட்டும். அப்படிச் செய்தால் அது பொதுக் காட்சி ஆகாது, தனிப்பட்ட கூட்டம். தணிக்கைச் சட்டம் தொடாது. லாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவு செய்துகொண்டால் முதலாளி என்று யாரும் இல்லை, வருகிற காசு அடுத்த படத்துக்கு. பனி பெய்தாலும் வெயில் அடித்தாலும் சந்தா முன்கூட்டியே கைக்கு வந்துவிடும்.

இது வோகலின் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 1925-லேயே லண்டனில் ஐவர் மான்டகு முதலானவர்கள் ஃபிலிம் சொசைட்டி என்று ஆரம்பித்திருந்தார்கள். பெர்னார்ட் ஷாவும் எச். ஜி. வெல்ஸும் அதன் ஆதரவாளர்கள். பிரிட்டனில் பொதுவில் காட்டத் தடை செய்யப்பட்ட ஐசன்ஸ்டீனின் ‘பேட்டில்ஷிப் பொட்டெம்கின்’ 1929-ல் அந்தச் சங்கத்தின் உறுப்பினர்களுக்குத்தான் அங்கே காட்டப்பட்டது. வோகல் கண்முன் வைத்துக்கொண்டது அந்த முன்மாதிரியை. வேடிக்கை என்னவென்றால், சினிமா 16-க்கு ஒரு மாதம் முன்னால், 1947 அக்டோபரில், கல்கத்தாவில் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். அவர்கள் போட்ட முதல் படமும் அதே ‘பொட்டெம்கின்’. நியூயார்க்கிலும் கல்கத்தாவிலும் ஒருவரை ஒருவர் அறியாத இளைஞர்கள் ஒரே இலையுதிர்காலத்தில் ஒரே வகை ரசீதுப் புத்தகத்தை அச்சடித்திருக்கிறார்கள்.

சட்டத்துக்குப் பயந்து எடுத்த முடிவு, காட்டும் படங்களின் குணத்தையே மாற்றியது என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். டிக்கெட் வாங்குகிறவர் ஒரு படத்தை வாங்குகிறார். சந்தா கட்டுகிறவர் ஒரு வருடத்தை வாங்குகிறார். இன்ன படம் வேண்டும் என்று அவர் வருவதில்லை. புதன்கிழமை என்றால் போக வேண்டும், என்ன போடுகிறார்களோ பார்க்க வேண்டும் என்று வருகிறார். அந்த நம்பிக்கை படம் தேர்ந்தெடுப்பவருக்குப் பெரிய சுதந்திரம். ஒவ்வொரு படமும் தனித்தனியாகக் கூட்டம் சேர்த்தாக வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

வோகல் அந்தச் சுதந்திரத்தைத் தாராளமாகச் செலவழித்தார். நம் கச்சேரியில் வர்ணம், கீர்த்தனை, நடுவில் கனமான ராகம், பிறகு துக்கடா என்று கேட்பவரை மெல்லக் கைப்பிடித்து அழைத்துப் போகும் ஒழுங்கு உண்டு அல்லவா? அவர் செய்தது அதற்கு நேர் எதிர். சுகமாகச் சாய்ந்து உட்கார்ந்தவரை நிமிர வைப்பதுதான் அவர் வரிசை. அறிவியல் படத்துக்குப் பக்கத்தில் கனவுப் படம். தாயைப் பிரிந்த கைக்குழந்தைகளின் வாட்டத்தை மனநல மருத்துவர் ரெனே ஸ்பிட்ஸ் பதிவு செய்த படத்தையும், பாரிஸ் இறைச்சிக்கூடங்களைப் பற்றி ஜார்ஜ் ஃபிராஞ்சு எடுத்த படத்தையும், வண்ணக் கோலங்களையும் ஒரே கூட்டம் பார்த்தது. அறிவியல் படத்தை அழகுக்காகவும் சோதனைப் படத்தைச் செய்திக்காகவும் பார்க்கப் பழகியது. ஒன்றின் ருசி மற்றொன்றில் ஏறியது. கட்டணம் கட்டிய உறுப்பினர்களில் ஒரு பகுதி முணுமுணுத்தது, சில சமயம் சீட்டியடித்தது. எல்லாருக்கும் எல்லாம் பிடித்துவிட்டால் தேர்வில் ஏதோ கோளாறு என்பது வோகலின் கட்சி.

1950-களில் ‘நிரந்தர யூதன்’ என்ற நாஜிப் பிரச்சாரப் படத்தையும் அவர் காட்டினார். நாஜிகளிடமிருந்து உயிர் தப்பி ஓடிவந்த யூதர் அவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெறுப்பை எப்படிப் படமாக வெட்டி ஒட்டுகிறார்கள் என்பதை மக்கள் கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டும், விளக்கக் குறிப்போடு, அறிந்த ஒரு கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பொதுத் தியேட்டரில் அதைப் போட்டிருந்தால் விபரீதம். சங்கத்தில் அது பாடம்.

கென்னத் ஆங்கர் இருபது வயதில் எடுத்த ‘ஃபயர்வொர்க்ஸ்’ இன்னொரு உதாரணம். ஓரினக் காமத்தை வெளிப்படையாகக் கையாண்ட படம். லாஸ் ஏஞ்சலஸில் அதைக் காட்டிய தியேட்டர்காரர்மீது ஆபாச வழக்குப் போட்டார்கள். அது மேல் நீதிமன்றம் வரை போய்த்தான் தள்ளுபடி ஆயிற்று. நியூயார்க்கில் சினிமா 16 உறுப்பினர்கள் அதற்குப் பல வருடம் முன்பே அதைப் பார்த்துவிட்டார்கள். கையில் உறுப்பினர் அட்டை இருந்ததுதான் வித்தியாசம்.

கூட்டம் வளர்ந்தது. நாடகக் கொட்டகை போதவில்லை. மேற்கு 24-ஆம் தெருவில், தையல் தொழில் கற்றுக்கொடுக்கும் ஒரு பொது உயர்நிலைப் பள்ளியின் அரங்குக்கு மாறினார்கள். 1,600 இருக்கைகள். உச்சத்தில் உறுப்பினர் எண்ணிக்கை ஏழாயிரத்தைத் தொட்டது. வேறெந்த அமெரிக்கத் திரைப்படச் சங்கமும் அந்த அளவுக்கு வளரவில்லை. எழுத்தாளர்கள், நடிகர்கள், பள்ளி ஆசிரியர்கள், மருத்துவர்கள் என்று பலதரப்பினர். 1949-ல் லித்துவேனியாவிலிருந்து அகதியாக வந்திறங்கிய ஜோனாஸ் மேகாஸும் அவர் தம்பி அடோல்ஃபாஸும் ஒரு காட்சி விடாமல் வந்தவர்களில் அடக்கம். ஆங்கிலமே அரைகுறையாக இருந்த அந்த இரண்டு சகோதரர்களுக்கு சினிமா 16-தான் பள்ளிக்கூடம். பின்னால் ஜோனாஸே இந்த அரங்குக்கு எதிராக ஒரு முகாம் அமைத்தார், அதற்கு வருகிறேன்.

படம் மட்டும் இல்லை, பேச்சும் இருந்தது. ஹிட்ச்காக் ஒருமுறை வந்து உறுப்பினர்களிடம் பேசினார். ஆனால் அந்தக் கூட்டங்களில் எல்லாரும் சொல்லும் மாலை 1953 அக்டோபர் 28. ‘கவிதையும் திரைப்படமும்’ என்று ஒரு விவாதம். மேடையில் மாயா டெரன், நாடகாசிரியர் ஆர்தர் மில்லர், விமர்சகர் பார்க்கர் டைலர், வேல்ஸ் கவிஞர் டிலன் தாமஸ். நடுவர் வில்லார்ட் மாஸ். டெரன் தன் கொள்கையை விளக்கினார்: கதைப்படம் ஒரு சம்பவத்திலிருந்து அடுத்த சம்பவத்துக்குக் கிடைமட்டமாக நகர்கிறது, கவிதை ஒரு கணத்திலேயே நின்று அதன் ஆழத்துக்குச் செங்குத்தாக இறங்குகிறது. சினிமாவாலும் அப்படி இறங்க முடியும். இன்றைக்குச் சினிமாக் கல்லூரிகளில் பாடமாக நடத்தும் கருத்து இது. அன்று டிலன் தாமஸ் அந்தச் செங்குத்தையும் கிடைமட்டத்தையும் வைத்துக் கிண்டல் செய்தார், கூட்டம் சிரித்தது, மில்லரும் டெரனுக்குக் கைகொடுக்கவில்லை. டெரன் விடாமல் தன் வாதத்தைத் தொடர்ந்தார். பேச்சு பதிவாகி அச்சிலும் வந்தது. இன்று படிக்கையில் டிலனின் நகைச்சுவை பழசாகிவிட்டது, டெரன் சொன்னது மட்டும் நிற்கிறது. டிலன் தாமஸ் அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து, நவம்பர் 9-ல், அதே நகரத்து மருத்துவமனை ஒன்றில் இறந்துபோனார்.

சட்டம் இதற்கிடையில் மாறிக்கொண்டிருந்தது. ரோஸலினியின் ‘தி மிரக்கிள்’ என்ற குறும்படத்தை மத நிந்தனை என்று சொல்லி நியூயார்க் அதிகாரிகள் தடுத்தார்கள். விநியோகஸ்தர் ஜோசப் பர்ஸ்டின் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1952 மே மாதம் நீதிமன்றம் தன் 1915 தீர்ப்பையே மாற்றிக்கொண்டு, சினிமாவுக்கும் பேச்சுரிமை உண்டு என்றது. நியூயார்க் தணிக்கை முழுதாகச் சாக 1965 வரை ஆயிற்று. இருந்தாலும் வேலியில் ஓட்டை விழுந்துவிட்டது. ஐரோப்பியப் படங்களைப் போடும் வணிகக் கலைத் தியேட்டர்கள் நகரெங்கும் வந்தன. பெர்க்மனையும் ட்ரூஃபோவையும் பார்க்க இனி யாரும் சங்கத்தில் சேர வேண்டாம். சங்கம் எந்தக் காரணத்துக்காகப் பிறந்ததோ அந்தக் காரணம் தேய்ந்துகொண்டே வந்தது. தான் வளர்த்த ரசிகர்களைத் தானே இழப்பது இந்த மாதிரி அமைப்புகளுக்கு எழுதிவைத்த விதி போலும்.

உள்ளேயும் சண்டை. 1959 நவம்பரில் ஜான் கசவெட்டிஸின் ‘ஷேடோஸ்’ படத்தையும் ‘புல் மை டெய்ஸி’யையும் ஒரே மாலையில் போட்டு, புதிய அமெரிக்க சினிமாவுக்கு வாசல் திறந்தவர் வோகல்தான். ஆனால் அதே காலத்தில் ஸ்டான் பிராக்கேஜின் ‘ஆன்டிசிபேஷன் ஆஃப் தி நைட்’ படத்தை வேண்டாம் என்றும் ஒதுக்கினார். படம் எடுக்கிற இளைஞர்களுக்கு அது பொறுக்கவில்லை. எது நல்ல படம் என்று ஒரே ஒருவர் முடிவு செய்வதா? 1962-ல் ஜோனாஸ் மேகாஸும் தோழர்களும் ஃபிலிம்-மேக்கர்ஸ் கோ-ஆபரேடிவ் என்ற கூட்டுறவு விநியோக அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் விதி எளிது: யார் கொண்டுவந்தாலும் படத்தை ஏற்றுக்கொள்வோம், தேர்வு என்ற பேச்சே இல்லை.

இந்தச் சண்டையில் யார் பக்கம் என்று கேட்டால், படம் எடுப்பவன் என்றால் நான் மேகாஸ் பக்கம். பார்க்கிறவன் என்றால் வோகல் பக்கம். எடுத்தவருக்குத் தன் படம் எங்காவது ஓட வேண்டும், அதற்குத் திறந்த கதவு தேவை. இருக்கையில் உட்காருபவரின் மாலைக்கு யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். வோகல் தவறாகவும் தேர்ந்தெடுத்தார். பிராக்கேஜ் விஷயத்தில் அவர் தவறியதாகத்தான் வரலாறு சொல்கிறது. ஆனால் தவறுக்கு ஒரு முகவரி இருந்தது. திட்ட வேண்டுமானால் புதன்கிழமை வாசலில் நின்று நேராகவே திட்டலாம். இன்று வீட்டுத் திரையில் நமக்குப் படம் பரிந்துரைக்கும் கணக்குநிரலைத் திட்ட எங்கே போவது?

1963-ல் சினிமா 16 மூடப்பட்டது. அரங்க வாடகை, அச்சு, தபால் என்று செலவுகள் ஏறிவிட்டன. அரசு மானியமோ பெரிய அறக்கட்டளைப் பணமோ இல்லாமல், பதினாறு ஆண்டுகள் சந்தாவிலேயே ஓடிய வண்டி அது. கலைகளுக்கான தேசிய நிதி அமைப்பை அமெரிக்க அரசு தொடங்கியது 1965-ல். இரண்டு வருடம் பிந்திவிட்டது. அதே 1963-ல் வோகலும் ரிச்சர்ட் ரௌடும் சேர்ந்து லிங்கன் சென்டரில் நியூயார்க் திரைப்பட விழாவைத் தொடங்கினார்கள். 1968-ல் வோகல் அதிலிருந்து விலகினார். 1974-ல் ‘ஃபிலிம் அஸ் எ சப்வெர்சிவ் ஆர்ட்’ என்ற புத்தகம் எழுதினார். காட்டியதையும் காட்டியிருக்க வேண்டியதையும் ஒரே கட்டாகக் கட்டிய மாதிரி ஒரு நூல். 2012-ல், 91-ஆம் வயதில் இறந்தார்.

வடிவம் மட்டும் சாகவில்லை. 1970-ல் பீட்டர் ஃபைன்ஸ்டீனும் சாண்டி மில்லரும் மேற்கு மன்ஹாட்டனில் ஒரு மாடிக் கூடத்தில் மடக்கு நாற்காலி ஐம்பதும் புரொஜெக்டர் ஒன்றும் வைத்து ‘ஃபிலிம் ஃபோரம்’ என்று தொடங்கினார்கள். ஆண்டு வரவுசெலவு 19,000 டாலர். 1972-ல் கேரன் கூப்பர் என்ற இளம்பெண் பொறுப்பேற்றார்; 2023 வரை அவர்தான் இயக்குநர். நடுவில் கட்டட முதலாளி இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லி, 1989-ல் அரங்கையே இழந்தார்கள். அடுத்த வருடம் ஹூஸ்டன் தெருவில் மறுபடி திறந்தார்கள். 2018-ல் அங்கே நான்காவது திரையும் வந்தது. லண்டன் தீவிபத்தில் கருகிய மூல நெகட்டிவ்களை மீட்டுப் புதுப்பித்த சத்யஜித் ராயின் அபு முப்படங்கள் 2015 மே மாதம் நியூயார்க்கில் திரைக்கு வந்தது இந்த அரங்கில்தான்.

ஃபிலிம் ஃபோரமில் யாரும் டிக்கெட் வாங்கி நுழையலாம். தணிக்கைக்குப் பயந்த அட்டை இப்போது தேவையில்லை. ஆனால் உறுப்பினர்கள் இருக்கிறார்கள், நன்கொடையாளர்கள் இருக்கிறார்கள். டிக்கெட் காசு மட்டும் மன்ஹாட்டன் வாடகைக்குக் காணாது. காணவும் கூடாது என்றுதான் லாப நோக்கற்ற அரங்கை வைத்திருக்கிறார்கள். நாற்பது பேர் மட்டும் பார்க்க வரும் ஆவணப்படத்தை ஒரு வாரம் ஓட்டுவதற்கு வேறு வழி இல்லை. சட்டத்தை ஏய்க்க வந்த சந்தா, நஷ்டத்தைத் தாங்கும் சந்தாவாக வேலை மாறிவிட்டது.

நம் ஊரிலும் இதே கிளை படர்ந்தது. 1959 டிசம்பரில் இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானபோது ராய் தலைவர். துணைத் தலைவர்களில் ஒருவர் அம்மு சுவாமிநாதன், கேப்டன் லட்சுமியின் தாயார். சேர்ந்த முதல் சங்கங்களில் மெட்ராஸ் ஃபிலிம் சொசைட்டியும் ஒன்று. அந்தக் காலத்துச் சங்கங்களில் பல இன்று இல்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் சென்னையிலும் பிற ஊர்களிலும் ஏதோ ஒரு கல்லூரிக் கூடத்தில், ஏதோ ஒரு நூலக மாடியில், யாரோ நாலு பேர் திரை கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். முகநூலில் அறிவிப்பு வரும், நல்ல படமா என்று பார்ப்போம், மழை வந்தால் போக மாட்டோம். நடத்துகிறவர் பதினைந்து நாற்காலியை எண்ணிக்கொண்டு நிற்பார்.

உங்கள் ஊரில் அப்படி ஒரு சங்கம் இருந்தால், இந்த மாதம் என்ன படம் என்று கேட்பதற்கு முன்னால் ஆண்டுச் சந்தாவைக் கட்டிவிடுங்கள். படம் பிடிக்கவில்லை என்றால் தேர்ந்தெடுத்தவரிடம் போய்ச் சண்டை போடுங்கள். சந்தா கட்டியவருக்கு அந்த உரிமை உண்டு.